குளம், ஏரி, கம்மா

வந்தவாசியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்காரம்மாவிடம், "சின்ன வயசுல நாள் முழுக்கக் குளத்துலதான் கிடப்போம்" என்றேன். "எந்தக் கோயில் குளம் தம்பி?" என்று கேட்டார். அவர் மனதில் நாலு பக்கமும் கல்படியும் நடுவில் மண்டபமும் வந்திருக்க வேண்டும். நான் சொன்னதோ தாமிரபரணிக் கால்வாயில் நிரம்பும் குளம். எதிர்க்கரைப் பனைகள் மங்கலாகத்தான் தெரியும். வந்தவாசிப் பக்கத்தில் அதற்குப் பெயர் ஏரி.

அந்த ஐப்பசியில் ஒரு விடியற்காலை கதவைத் தட்டினார். "ஏரி கோடி போவுது, வந்து பாரு." ஊரே கரையில் நின்றது. கல்கட்டின் மேல் விரல் கனத்துக்குத் தண்ணீர் வழுக்கிக்கொண்டு வந்து கீழே நுரைத்தது. எதிர்த்து ஏறத் துள்ளிய கெண்டைகளைப் பையன்கள் பழைய சேலையை விரித்துப் பிடித்தார்கள். "மறுகால் விழுந்துட்டு" என்று தாத்தா வீட்டுக்குள் வந்து சொல்வாரே, அந்தக் குரல் காதில் கேட்டது. சொல் வேறு, முகத்தில் இருந்த வெளிச்சம் ஒன்றுதான்.

மதுரைக்குக் கிழக்கே இதுவே கண்மாய், பேச்சில் கம்மா. உள்ளங்கை போலத் தட்டையான பூமி. விழுகிற மழையைக் கரை கட்டி மறிக்காவிட்டால் குடிக்கவும் மிஞ்சாது. வைகையே இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்த்தான் சேர்கிறது. மிச்சம் இருந்தால் கடலுக்கு. ராஜசிங்கமங்கலத்துக் கண்மாய்க்கு 48 மடை. நாரையும் ஒரே மூச்சில் பறந்து கடக்காது என்பார்கள். தாமிரபரணி பிறக்கும் பொதிகையிலோ இரண்டு பருவத்திலும் மழை இறங்குவதால் கார், பிசானம் என்று இரண்டு போகம் கண்டவர்கள் நாங்கள். 'குளம்' என்று சொல்லும்போது எங்கள் குரலில் ஒரு நிம்மதி இருக்கும். 'கம்மா பெருகிருச்சா?' என்று ஊருக்குப் போன் போட்டுக் கேட்கிறவர் குரலில் அது இருக்காது. பதில் வரும்வரை அவர் மூச்சுவிடுவதுகூட இல்லை.

இப்போது மூன்று இடத்திலும் ஒரே பலகை: 'நீர்நிலை'. எனக்கு இது பொறுக்கவில்லை. நீர்நிலை மறுகால் விழுந்தது என்று எந்தத் தாத்தா சொல்வார்?

பறவைகளுக்கு மூன்றும் சொந்தம். வேடந்தாங்கலில் அவை இறங்குவது ஏரியில், கூந்தன்குளத்தில் குளத்தில், சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில் கண்மாயில். கூந்தன்குளத்திலும் கொள்ளுகுடிப்பட்டியிலும் அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. போன தை மாதம் கொள்ளுகுடிப்பட்டிக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தாவிடம், "குளத்துல தண்ணி நல்லா கிடக்கே" என்றேன், வாய்ப்பழக்கத்தில்.

"கம்மாய்யா" என்று திருத்தினார். பிறகு கருவேல மரத்தைக் காட்டி, "குஞ்சு பொரிச்சிருக்கு. மெதுவாப் பேசுங்க" என்றார்.