ரெண்டா பிரிச்ச திரையும் எட்டு மூட்டை மஞ்சளும்



மூணு நாளா மழை. காட்டுல கால் வெச்சா முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு வேலையும் ஓடாததால திண்ணைக்குப் பக்கத்து ரூம்ல கிடக்கற பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டிப் போட்டுப் பார்த்தேன். அஞ்சு நிமிஷம் உறுமிட்டு அப்புறம் எழுந்திரிச்சுது. வீட்டுக்காரி, "ஏனுங்க, அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டா கிலோவுக்கு இத்தனைன்னாவது வரும்"னு சொன்னா. வருஷா வருஷம் சொல்றதுதான். அதுல எனக்கு ஒரு கதை இருக்குங்க. இன்னிக்கு அதை எழுதிடலாம்னு உக்காந்தேன்.

2009-ல கோபியில ஒரு பிரவுசிங் சென்டர் மூடினாங்க. அங்கிருந்த மிஷின் ஒண்ணை 3,500 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன். பென்டியம் மூணு, 64 எம்பி மெமரி, விண்டோஸ் 98, பின்னாடி தொப்பை வெச்ச 14 இஞ்ச் மானிட்டர். பஸ்ல மானிட்டரை மடியில வெச்சுக்கிட்டு வந்தேன். கண்டக்டர் அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுட்டாரு. எங்க ஊருக்கு அப்போ பிராட்பேண்ட் வரலை. லேண்ட்லைன் போன்ல மோடம் மாட்டி, கீய் கீய்னு கத்த விட்டுத்தான் நெட்டுக்குப் போகணும். நெட்டுல இருக்கற நேரம் வீட்டுக்குப் போன் வராது. சம்பந்தி வீட்ல இருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு, என்னமோ ஆகிப்போச்சுன்னு ஒரு தடவை வண்டி எடுத்துக்கிட்டு நேர்லயே வந்துட்டாங்க.

எனக்கு வேண்டியது ரெண்டே விஷயம். ஒண்ணு ஈரோட்டு மஞ்சள் விலை. இன்னொண்ணு பவானிசாகர் அணையில எத்தனை அடி தண்ணி. எங்க காடு கீழ்பவானி வாய்க்கால் பாசனம். வாய்க்கால் 200 கிலோமீட்டர், ஒரு போகத்துக்கு 1,03,500 ஏக்கர் பாயும். ஆகஸ்ட் 15-க்குத் தண்ணி விடறது வழக்கம், ஆனா அணையில இருப்பு இருந்தாத்தான். 105 அடிதான் முழு மட்டம். ஆடி மாசம் பூரா எங்க ஊர்ல யாரைப் பார்த்தாலும் முதல்ல கேக்கறது "அணை எத்தனை அடி?"ங்கறதுதான். விவசாயி அந்த ரெண்டு நம்பரையும் ஒண்ணா வெச்சுப் பார்த்துத்தான் கணக்குப் போடுவான். இருக்கற மஞ்சளை இப்பவே வித்துட்டு நெல்லுக்கு உழுவலாமா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் வெச்சிருக்கலாமான்னு.

ஆனா இந்த மிஷின்ல ரெண்டு ஜன்னல் சேர்த்துத் திறந்தா அவ்வளவுதான், மவுஸ் நின்னுடும். ஒண்ணைத் திறந்து, பேப்பர்ல எழுதி, மூடி, இன்னொண்ணைத் திறக்கணும். ஒவ்வொண்ணும் வர்றதுக்குள்ள டீத்தண்ணி குடிச்சுட்டு வந்துடலாம். மோடம் மேல 56 கேன்னு எழுதியிருக்கும், வர்றது அதுல பாதி கூட இருக்காது.

தங்கச்சி மகன் அப்போ பாலிடெக்னிக் படிச்சுட்டிருந்தான். லீவுக்கு வந்தவன் பக்கத்துல நின்னு கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "மாமா, நான் ஒண்ணு பண்ணித் தர்றேன் பாருங்க"ன்னு நோட்பேடைத் திறந்தான். பத்து வரி கூட இருக்காது, என்னமோ அடிச்சான். சேவ் பண்ணித் திறந்தா திரை மூணா பிரிஞ்சு நிக்குது! இடது பக்கம் ஒடிசலா ஒரு பட்டை, அதுல வரிசையா பேருங்க: மஞ்சள் விலை, அணை, மழை, பேப்பர். வலது பக்கம் மேல ஒரு கட்டம், கீழ ஒரு கட்டம். மஞ்சள் விலையைத் தொட்டா மேல் கட்டத்துல விலை வருது. அணையைத் தொட்டா கீழ் கட்டத்துல அணை வருது. மேல இருக்கறது அசையாம அப்படியே நிக்குது.

இதுக்குப் பேரு ஃப்ரேம்னு சொன்னான். நான் கேட்டேன், "மாப்ள, இது நாம பாத்தி கட்டற மாதிரிதானே?" நிசமாவே அதுதாங்க. முழுக் காட்டுக்கும் ஒரே நேரத்துல தண்ணி விட்டா கடைசி வரைக்கும் போய்ச் சேராது. பாத்தி கட்டி எந்தப் பாத்தி காயுதோ அதுக்கு மட்டும் மடையைத் திறந்து விடறோம்ல. அதே மாதிரி இடது பட்டையில இருக்கற பேருங்களை மிஷின் திரும்பத் திரும்ப இறக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டம் மாறணுமோ அது மட்டும்தான் இறங்கும். முதல் ஃபைல்ல சரக்கு ஒண்ணும் கிடையாது, வரப்பு மட்டும்தான்: இத்தனை சதவீதம் இந்தப் பக்கம், மிச்சம் அந்தப் பக்கம், இந்தக் கட்டத்துக்கு இந்தப் பேரு. அப்புறம் ஒவ்வொரு லிங்குலயும் "நீ போய் இந்தப் பேருள்ள கட்டத்துல விழு"ன்னு எழுதி வெச்சிடணும். அந்தப் பேருல ஒரு எழுத்து தப்பிப் போச்சுன்னா மடை உடைஞ்ச கதைதான். கட்டத்துல விழாம புதுசா ஒரு ஜன்னலைத் திறந்துக்கும், மிஷின் நின்னுடும். நானே ஒரு தடவை மாத்தி எழுதறேன்னு போய்ப் பொழுதுக்கும் தேடியிருக்கேன், கடைசியில ஒத்தை எழுத்து.

இது அவன் கண்டுபிடிச்சது இல்லைங்க. 1996-ல வந்த நெட்ஸ்கேப் 2-ல இருந்தே உண்டாம். 1997 கடைசியில எச்டிஎம்எல் 4 வந்தப்போ இதையும் முறைப்படி சேர்த்துட்டாங்களாம். ஆனா நாங்க இதைப் பிடிச்ச நேரத்துல உலகம் இதை விட ஆரம்பிச்சு வருஷக்கணக்கா ஆயிருந்துது. யாகோப் நீல்சன்னு ஒருத்தர், வலைப்பக்கம் எப்படி இருந்தா சனங்களுக்கு வசதின்னு ஆராயறவர், 1996-லயே பெரும்பாலும் ஃப்ரேம் வேண்டாம்னு எழுதிட்டாராம். அவர் சொன்ன குறையெல்லாம் நானும் பட்டதுதான். உள்ளே எத்தனை பக்கம் மாறினாலும் மேல அட்ரஸ் மாறாது. நல்ல பக்கம்னு குறிச்சு வெச்சா, அடுத்த நாள் அது வராது, முதல் பக்கம்தான் வரும். பிரிண்ட் எடுக்கப் போனா எந்தக் கட்டம் வரும்னு தெரியாது. ஒரு தடவை இடது பட்டையில இருந்த நாலு பேரு மட்டும் பெரிய தாள்ல வந்துது, அதை இன்னும் வெச்சிருக்கேன்.

இந்த "மேல ஒண்ணு, உள்ளே ஒண்ணு"ங்கறதுதான் என் கழுத்தைப் பிடிச்சுது.

2010-ல மஞ்சள் போட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கும். குவிண்டால் 15,000-ஐத் தாண்டிப் போச்சு. அதைப் பார்த்துட்டு வாழை போட்டவன், கரும்பு போட்டவன் எல்லாரும் அழிச்சுட்டு மஞ்சள் ஊனுனாங்க. 2011-ல அறுவடை வர வர விலை படி இறங்கற மாதிரி இறங்குச்சு. அந்த வருஷம் கோடையில எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கற பெரியம்மா எட்டு மூட்டை விரலி வெச்சிருந்தாங்க. வேக வெச்சு, காய வெச்சு, பாலீஷ் போட்டு, எல்லாம் அவங்க கைப்பாடு. பெரியப்பா இல்லை. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. பேத்திக்கு நர்சிங் காலேஜ்ல சீட் போட்டு வெச்சிருந்தாங்க, ஃபீஸ் கட்டணும். தினமும் சாயங்காலம் வந்து திண்ணையில உக்காந்துக்கிட்டு, "கண்ணு, உன் பொட்டியில இன்னிக்கு என்ன வெலை?"ன்னு கேப்பாங்க. நானும் பெருமையா எட்டிப் பார்த்துச் சொல்லுவேன். ஊர்லயே என்கிட்டத்தான் பொட்டி இருக்குதுங்கற கெத்து, பொய் சொல்லக் கூடாதுல்ல.

ஒரு செவ்வாய்க்கிழமை. வாசலுக்கே வியாபாரி வந்து குவிண்டால் 9,100 தர்றேன், கையில காசுன்னு சொல்லியிருக்கார். பெரியம்மா அவரை நிக்க வெச்சுட்டு என்கிட்ட வந்தாங்க. அன்னிக்குக் கரண்டு வர்றதும் போறதுமா இருந்துது, போன் லைன் வேற கரகரப்பு. நான் மஞ்சள் விலையைத் தொட்டேன். டக்குன்னு வந்துடுச்சு. மேல அன்னிக்குத் தேதி, செவ்வாய்க்கிழமைன்னு போட்டிருக்கு. கீழ விரலி 10,050.

"பெரியம்மா, பத்தாயிரத்து அம்பது. வாசல்ல வந்து கேக்கறவன் குறைச்சுத்தான் கேப்பான், விடுங்க"ன்னு சொன்னேன். வியாபாரி போயிட்டார்.

ராத்திரி பங்காளி ஒருத்தர் ஈரோட்டு மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வந்தார். விலை என்னன்னு கேட்டா 8,700-ங்கறார். நான் அவர்கிட்டயே சண்டை போட்டேன், நெட்ல அப்படி இல்லையேன்னு. வீட்டுக்கு வந்து அந்தக் கட்டத்து மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தேன். அந்தப் பக்கம் நாலு நாளைக்கு முன்னாடி இறங்கினது.

தேதி எப்படி அன்னிக்குத் தேதியா இருந்துதுன்னு மருமகன்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டு ஒரு நிமிஷம் பேச்சே வரலை. "மாமா, அந்தத் தேதி அவங்க போடறது இல்லீங்க. உங்க கம்ப்யூட்டர் கடிகாரத்துல இருந்து எடுத்துக் காட்டறது." விலைக்குப் போட்ட தேதின்னு நான் நினைச்சது, என் வீட்டுக் கடிகாரத்தை எனக்கே காட்டினது. வேகமா வரணும்ங்கறதுக்காக, சேர்த்து வெச்ச பழைய பக்கத்தையே காட்டு, புதுசைத் தேடாதேன்னு செட்டிங் மாத்தி வெச்சிருந்ததும் நான்தான். விலை பார்க்கறப்போ அந்தக் கட்டத்துல மட்டும் ரைட் கிளிக் பண்ணி ரெஃப்ரெஷ் கொடுக்கணும்னு அவன் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தான். அன்னிக்கு அவசரத்துல கொடுக்கலை. அந்த விலைப் பக்கம் நடத்தினவங்க மேல குத்தம் சொல்லி என்ன பண்ண?

காலையில போய்ச் சொல்லிட்டேன். அந்த வியாபாரிக்குப் போன் போட்டா, இப்போ 8,500-னா எடுக்கறேங்கறார். பெரியம்மா யோசிச்சாங்க, கொஞ்சம் ஏறட்டும்னாங்க. ஏறலை. ஆனி மாசம் ஃபீஸ் கட்டற நாள் வந்ததும் 7,300-க்குப் போட்டாங்க. எட்டு மூட்டை, மூட்டை 70 கிலோ, அஞ்சு குவிண்டால் அறுபது கிலோ. குவிண்டாலுக்கு 1,800 போச்சு. காலண்டர் பின்னாடி போட்டுப் பார்த்தேன், 10,080 ரூபாய்.

நெல்லு வித்ததும் 5,000 எடுத்துக்கிட்டுப் போனேன். வாங்கலை. "நான் கேட்டேன், நீ சொன்னே. காசு எடுத்துட்டு வந்து என்னை அசிங்கப்படுத்தாத சாமி"ன்னு சொல்லிட்டு டீ வெச்சுக் குடுத்தாங்க. கோபம் இல்லை. ஆனா அன்னியில இருந்து என்கிட்ட விலை கேக்கறதை விட்டுட்டாங்க. அதே திண்ணையில வந்து உக்காருவாங்க, மழை பேசுவாங்க, மாடு பேசுவாங்க, மருமகளைத் திட்டுவாங்க. விலை மட்டும் காலையில ஈரோடு போற பஸ் கண்டக்டர்கிட்ட கேட்டுக்குவாங்க. 10,080-ஐ விட அதுதாங்க எனக்கு வலிச்சுது.

அதுக்கப்புறம் விலை பார்த்தா, மார்க்கெட்டுல தெரிஞ்ச எடை போடறவர் ஒருத்தருக்குப் போன் பண்ணி ஒத்துப் பார்க்காம யாருக்கும் சொல்றதில்லை. திரையில இருக்கற ஒவ்வொரு கட்டத்துக்கும் வயசு வேற வேறயா இருக்கும்னு புத்தியில ஏறிடுச்சு. ஒரே வரப்புக்குள்ள இருந்தாலும் ஒரு பாத்தி நேத்து பாய்ஞ்சது, ஒரு பாத்தி பத்து நாளா காயறது, அந்த மாதிரி.

இப்போ எல்லாம் போன்லதாங்க. போன்லயும் திரையை ரெண்டா பிரிக்கலாம், மேல மழை, கீழ வாட்ஸாப். ஆனா அது ரெண்டு தனித்தனிக் கடை மாதிரி, ஒண்ணுக்கொண்ணு பேசாது. இடது பக்கம் தொட்டா வலது பக்கம் மாறற அந்தக் கூட்டு இதுல இல்லை. எழுத்தும் எறும்பு மாதிரி இருக்கு, கண்ணாடி போட்டும் தெரியலை. 2014-ல எச்டிஎம்எல் 5-னு வந்ததுல ஃப்ரேம்செட்டைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. பிரவுசருங்க இன்னும் பழைய பக்கத்தைக் காட்டத்தான் செய்யுது. ஆனா பல வெப்சைட்டுங்க இப்போ இன்னொருத்தர் கட்டத்துக்குள்ள வர மாட்டேங்குது. கட்டத்துக்குள்ள வெச்சு ஏமாத்தறவங்க இருக்காங்களாம், அதனால. நியாயம்தான். எங்க பழைய பொட்டிக்கோ புதுப் பூட்டு எதுவும் திறக்கத் தெரியாது, பாதி சைட் வாசல்லயே நின்னுடுது.

அதனால நெட்டை எடுத்துட்டேன். ஃப்ரேம் மட்டும் அப்படியே இருக்கு. இடது பட்டையில இப்போ எங்க காட்டுப் பேருங்க: கெணத்துக்காடு, மேக்காடு, வாய்க்கா மேடு. தொட்டா வலது பக்கம் அந்தந்தக் காட்டுல எந்த வருஷம் என்ன ஊனினேன், எத்தனை மூட்டை வந்துது, என்ன விலைக்குப் போச்சுன்னு நோட்பேடுல அடிச்சு வெச்சது வரும். கீழ் கட்டத்துல செலவு. எல்லாம் ஹார்ட் டிஸ்க்லயே இருக்கறதால டக்குன்னு வருது. பெரியம்மா காட்டைப் போன வருஷத்துல இருந்து நான்தான் குத்தகைக்கு ஓட்டறேன், அந்தப் பேரும் பட்டையில சேர்ந்துடுச்சு. பேத்தி கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரி வேலைக்குப் போகுது.

ஒரே ஒரு தொந்தரவு. மதர்போர்டுல இருக்கற பட்டன் பேட்டரி தீர்ந்து போச்சு. ஒவ்வொரு தடவை போடறப்பவும் பல வருஷத்துக்கு முந்தின தேதியைக் காட்டுது. புதுசு வாங்கிப் போடறேன்னு மருமகன் சொன்னான், வேண்டாம்னுட்டேன். செவுத்துல காலண்டர் தொங்குது, தேதியை அதைப் பார்த்து நானே அடிச்சுக்கறேன்.