பனியில் பின்சக்கர இயக்கம்: மான்ட்ரியல் குளிர்கால நாட்குறிப்பு

நவம்பர் 20

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களில் குளிர்கால டயர் பொருத்தியிருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தாலும், அந்தத் தேதிக்குக் காத்திராமல் இன்றே மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் நான்கு டயர்களும் மாற்றப்பட்டன. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிச் சாலையைப் பற்றும் தன்மையை இழக்கத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் ரப்பரோ குளிரிலும் இளகியிருப்பதோடு, அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய வெட்டுகள் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. இரு இருக்கைகள் கொண்ட இச்சிறு ஸ்போர்ட்ஸ் கார் குளிர்காலத்தைக் கடக்குமா என்ற கேள்விக்கு முதல் விடை எஞ்சினில் அன்று, டயரில்தான் இருக்கிறது.

டிசம்பர் 9

இரவில் பனி பொழிந்திருந்ததால், நின்ற இடத்திலிருந்து காரை நகர்த்துவதே இன்றைய முதல் பாடமாயிற்று. முன்சக்கர இயக்கக் கார்களில் எஞ்சினின் எடை இயங்கும் சக்கரங்களின் மேலேயே அமர்ந்து அவற்றைத் தரையோடு அழுத்துகிறது. எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்ட இக்காரிலோ இயங்கும் பின்சக்கரங்களுக்குக் கிடைப்பது பாதி எடை மட்டுமே. உலர்ந்த சாலையில் வேகமெடுக்கும்போது எடை பின்னோக்கிச் சாய்ந்து அக்குறையை ஈடுசெய்யும் என்றாலும், பனியில் வேகமெடுப்பே மெதுவாக நிகழ்வதால் அந்த உதவி மிகச் சிறிதே கிடைக்கிறது. ஆகவே இரண்டாம் கியரில், கிளட்சை மெல்ல விட்டு, சக்கரம் சுழலாதபடி புறப்படுவது நல்லது. ஒரே இடத்தில் சுழலும் சக்கரம் தன் சூட்டால் பனியை உருக்கி, அது மீண்டும் உறைந்து வழுவழுப்பாகும்படி செய்துவிடுகிறது.

ஜனவரி 17

அனுமதி பெற்ற ஒரு வெற்றுத் திடலில் இன்று குறைந்த வேகத்தில் பயிற்சி நடந்தது. டயருக்கு உள்ள பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது. வேகமெடுப்பது, பிரேக் பிடிப்பது, திரும்புவது ஆகிய மூன்றும் அந்த ஒரே அளவைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. வளைவில் ஆக்ஸிலரேட்டரை அதிகமாக மிதித்தால் பின்சக்கரங்களின் பங்கு தீர்ந்து காரின் வால் வெளிப்புறமாக வழுக்குகிறது. இதையே ஓவர்ஸ்டியர் என்பர். அஞ்சிக் காலைச் சட்டென எடுத்தால் எஞ்சினின் தடுப்பு பின்சக்கரங்களில் மட்டுமே விழுவதால் வழுக்கல் தீவிரமாகலாம். எனவே ஆக்ஸிலரேட்டரைப் படிப்படியாகத் தளர்த்தி, வால் செல்லும் பக்கமாகவே ஸ்டியரிங்கைத் திருப்பி, போகவேண்டிய திசையில் பார்வையை நிறுத்த வேண்டும். தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் இட்டுக் காரை நேராக்கும் மின்னணு நிலைப்படுத்தி பெருந்துணையே எனினும், இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

பிப்ரவரி 12

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உராய்வுக் கெழு 0.8 உள்ள உலர்ந்த தார்ச்சாலையில் முழுமையாகப் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 12 மீட்டரில் நிற்கும், கெழு 0.2 ஆகக் குறைந்த இறுகிய பனியில் அதே கார் நிற்க 49 மீட்டர் தேவை. எந்தச் சக்கரம் இயங்குகிறது என்பதற்கு இக்கணக்கில் இடமில்லை. நான்கு சக்கர இயக்க வண்டி எளிதாகப் புறப்படுமே தவிர, அதுவும் தன் நான்கு டயர்களை நம்பியே நின்றாக வேண்டும். புறப்படும்போதே தன் எல்லையைக் காட்டிவிடும் பின்சக்கரக் கார், அவ்வகையில் நேர்மையானது.

மார்ச் 15

சட்டம் குறித்த காலம் இன்றோடு முடிந்தாலும், பகலில் உருகும் நீர் இரவில் கண்ணுக்குப் புலப்படாத பனிப்படலமாக உறைவதும், அடியிலும் குளிர்காற்று படும் பாலங்கள் மற்றச் சாலைகளுக்கு முன்பே உறைவதும் தொடர்வதால், குளிர்கால டயர்கள் இன்னும் கழற்றப்படவில்லை. முன்சக்கரம் திருப்ப, பின்சக்கரம் உந்த, வேலைகள் பிரிந்திருக்கும் இக்காரில் எந்தச் சக்கரம் பிடிமானத்தை இழக்கிறது என்பதை ஓட்டுநர் தெளிவாக உணர முடிகிறது. அவ்வுணர்வு கற்பிக்கும் நிதானம் எந்தக் காருக்கும் எந்தப் பருவத்துக்கும் பயன்படும்.