471-ஐக் கண்டு பயப்படாதீங்க மக்களே



போன வாரம் சுசீந்திரத்திலிருந்து மதினி போன் பண்ணினார்கள். குரல் தழுதழுத்தது. "தம்பி, பிறந்ததிலேர்ந்து சைவம். ஒரு முட்டைகூட இந்த வாயில பட்டதில்ல. பேரப்பிள்ளைகளோட தின்ன ஐஸ்கிரீம்ல 471-னு போட்டிருக்கு. அது பன்னிக் கொழுப்பாம், வாட்ஸப்ல வந்திருக்கு. இனி தாணுமாலயன் முன்னால எப்படிப் போய் நிப்பேன்?"

இந்தச் செய்தி உங்களில் பலருக்கும் வந்திருக்கும். அதனால் அவர்களிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

அந்த எண்களில் ரகசியம் ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் அமைப்பு, உணவில் சேர்க்கும் பொருள்களுக்குக் கொடுத்த ரோல் நம்பர்தான் அது. 100 என்றால் நம் மஞ்சளில் உள்ள குர்குமின். 412 என்றால் குவார் கோந்து. வடசேரிச் சந்தையில் வாங்கும் சீனியவரைக்காய் இருக்கிறதே, அதன் விதையிலிருந்து எடுப்பது. 407 கடல்பாசியிலிருந்து வருகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன் பக்கம் கடலில் மிதவை கட்டி வளர்க்கிறார்களே, அந்த வகைப் பாசிதான். ஐஸ்கிரீமில் உள்ள தண்ணீர் பெரிய பெரிய ஐஸ் கட்டியாக உறையாமல் இருக்க இந்தக் கோந்துகளைச் சேர்க்கிறார்கள்.

இனி 471. மோனோ, டை கிளிசரைடுகள் என்று பெயர். கொழுப்பும் தண்ணீரும் காற்றும் ஒன்றாக நிற்க உதவுவது. இதைத் தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறது. பால், தேன் போன்றவை நீங்கலாக, விலங்கிலிருந்து எடுத்த எதைச் சேர்த்தாலும், அது துளியளவே ஆனாலும், பச்சைப் புள்ளி போடக்கூடாது என்பது நம் நாட்டு விதி.

டப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பச்சைப் புள்ளி இருந்தது. சொன்னதும்தான் மதினிக்கு உயிர் வந்தது.

ஆனால் அதே போட்டோவில் வேறு இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன.

ஒன்று, பெயர். டப்பாவில் ஐஸ்கிரீம் என்று எங்கேயும் இல்லை. சின்ன எழுத்தில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, சாதாரண ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். ஃப்ரோசன் டெசர்ட்டில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்க்கலாம். இது கலப்படம் இல்லை, சட்டம் அனுமதித்ததுதான். ஃப்ரோசன் டெசர்ட்டில் வனஸ்பதி இருப்பதாகக் காட்டிய அமுல் விளம்பரத்தை எதிர்த்து இந்துஸ்தான் யூனிலீவர் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2017-ல் நீதிமன்றம் அந்த விளம்பரத்துக்குத் தடை போட்டது. ஆகவே விஷம் என்று யாரும் பயப்பட வேண்டாம். பால் ஐஸ்கிரீம் வேண்டும் என்று காசு கொடுப்பவர்கள் மட்டும் பெயரைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். சேர்மானப் பட்டியலில், எடையில் அதிகமாக உள்ளதை முதலில் எழுத வேண்டும். மதினியின் டப்பாவில் இரண்டாவது சொல்லே சர்க்கரை. பக்கத்துக் கட்டத்தில் 100 கிராமுக்கு 20 கிராம் என்று கணக்கும் இருந்தது. நாலைந்து டீஸ்பூன். மதினிக்குப் பதினைந்து வருஷமாகச் சுகர். காலையும் இரவும் மாத்திரை. வாரம் இரண்டு நாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு கிண்ணம் சாப்பிடுகிறார்கள். கடைசி வரியில் இருந்த 471 அவர்களை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்க விடவில்லை. இரண்டாவது சொல்லைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தெரியாத எண்ணுக்கு நடுங்குகிறோம். நன்றாகத் தெரிந்த சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்குக் கவலை இதில்தான்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இன்னொன்று. 102, 110, 122 ஆகியவை செயற்கை நிறங்கள். நம் நாட்டில் அளவோடு அனுமதி உண்டு. ஐரோப்பாவில் 2010 முதல், இவை சேர்ந்த பெரும்பாலான உணவுகளில், பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும். எப்போதாவது ஒன்று தின்பதால் மோசமில்லை. தினமும் என்றால் யோசியுங்கள்.

மூடியைத் திறந்ததும் மேலே மணல்போல ஐஸ் நறநறத்தால், அது எங்கேயோ உருகி மறுபடி உறைந்திருக்கலாம். கரண்ட் அடிக்கடி போகிற நம் ஊரில் இதையும் கவனியுங்கள்.

வாத்தியார் ரிட்டையர் ஆனாலும் வீட்டுப்பாடம் உண்டு. உங்கள் ஃப்ரீசரில் இருக்கும் டப்பாவை எடுங்கள். பெயர் என்ன, பச்சைப் புள்ளி உண்டா, முதல் மூன்று சேர்மானம் எவை, 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு என்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு கரண்டி கொடுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு எவ்வளவு என்பதை அவரவர் டாக்டர் சொல்லட்டும், வாட்ஸப் சொல்ல வேண்டாம்.