நடுவில் இருந்த வட்டம்

ஏர்வாடி என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். மனம் சரியில்லாதவர்களைக் கொண்டுவந்து விடும் ஊர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை இங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தபோது நான் ஏழாம் வகுப்பு. "ஏன் அவங்க ஓடல?" என்று உம்மாவிடம் கேட்டேன். வளர்ந்த பிறகு கேள்வி மாறியது. அவர்களை அங்கே விட்டுப் போன வீடுகளுக்குள் என்ன நடந்தது?

அந்தக் கேள்விதான் முப்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, குடும்ப ஆற்றுப்படுத்தல் படிக்க என்னை மதுரைக்கு அனுப்பியது. மச்சான் துபாயில். நான் மாமியோடு இங்கே. ஞாயிறுதோறும் ராமநாதபுரம் போய் அங்கிருந்து மதுரை பஸ். ஃபீஸுக்கு என் சங்கிலியை அடகு வைத்தேன்.

முதல் பயிற்சியே சொந்தக் குடும்பத்தை வரைவதுதான். மூன்று தலைமுறை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பிணக்கு இருந்தால் நெளிகோடு. இருவருக்குள் இறுக்கம் வந்தால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்று சொன்னவர் அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன். 1967இல் ஒரு கருத்தரங்கில் அவர் தன் சொந்தக் குடும்பத்தையே எடுத்துப் பேசினார். தன் வீட்டில் மாறப் பழகிய மாணவர்களே பிறர் வீட்டுக்கும் நன்றாக உதவுகிறார்கள் என்பது அவர் கண்டது.

என் படத்தில் மாமிக்கும் மச்சானுக்கும் நடுவே நெளிகோடே இல்லை. எல்லாக் கோடும் என் வட்டத்தின் வழியாகப் போனது. "மூட்டு ஆபரேஷனுக்குப் பணம் வேணும்னு நீ சொல்லு புள்ள, நான் சொன்னா கோவப்படுவான்." "இந்த வருஷம் வர முடியாதுன்னு உம்மாகிட்ட பக்குவமா சொல்லு." இரண்டு பக்கக் கோபமும் என் தலையில்தான் விழுந்தது. பன்னிரண்டு வருடம்.

படித்ததை முதலில் ஆயுதமாகத்தான் எடுத்தேன். "என்னை முக்கோணத்துல இழுக்குறீங்க" என்று போனில் பாடம் நடத்தினேன். "நான் ஒன்னும் உன் கேஸ் இல்ல" என்றார் மச்சான். அவர் சொன்னது சரி. வகுப்பில் டீ குடிக்கும்போது மற்ற பெண்களும் இதையே பேசினார்கள். ஒருத்தி வீட்டில் படிச்ச திமிர் என்றார்கள். இன்னொருத்தியின் கணவர் பேச்சையே குறைத்துவிட்டார்.

களப்பணிக்கு எங்கள் ஊர் தர்காவுக்கே வந்தேன். துவாவோடு மருந்தும் கிடைக்க அங்கே அரசு மனநல சிகிச்சை இருக்கிறது. ஒரு மருமகளைக் கூட்டி வந்திருந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் நடுவில் பேச்சைச் சுமந்தவள், ஒருநாள் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டாள். அவளுக்கு மருந்து தேவைப்பட்டது, கொடுத்தார்கள். ஆனால் அவள் சுமந்ததை இனி யார் சுமப்பது என்று கூட வந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அன்று இரவு மச்சான் அழைத்ததும் போனை மாமியிடம் கொடுத்தேன். "நீங்களே சொல்லுங்க மாமி." சூடான சட்டியைப் பிடித்ததுபோல் பிடித்துக்கொண்டார். அதன்பின் இரண்டு வாரம் மச்சான் என்னிடம் பிள்ளைகளைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வைத்தார். "வாழ்க்கையைக் கெடுத்துக்காதே" என்று உம்மா அழுதார். படிப்பை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ரேச்சல் ஹேர்-மஸ்டின் என்ற அமெரிக்க உளவியலாளர், குடும்ப சிகிச்சையைப் பெண்ணியப் பார்வையில் கேள்வி கேட்டு 1978இல் எழுதிய கட்டுரை அப்போதுதான் கையில் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சம பலம் இருப்பதுபோல் நடத்தினால், இருக்கிற ஏற்றத்தாழ்வைத்தான் காப்பாற்றுகிறோம் என்று புரிந்தது. முக்கோணத்தை விட்டு விலகும் ஆணுக்குப் பக்குவம் என்று பெயர். விலகும் பெண்ணுக்குத் திமிர் என்று பெயர். சம்பாதிப்பவருக்கும் அடகு வைப்பவளுக்கும் விலகுவதன் விலை ஒன்றல்ல.

இந்தப் படிப்பு குடும்பத்தைப் பிரிக்கும் என்கிறார்கள். ஒருத்தியின் முதுகில் நிற்கும் வீடு அவள் நிமிர்ந்தால் ஆடத்தான் செய்யும்.

இப்போது மாமியும் மகனும் நேரடியாகச் சண்டை போடுகிறார்கள். ஆபரேஷனுக்குப் பணம் வந்துவிட்டது. சங்கிலி இன்னும் அடகில். மச்சான் பெருநாளைக்கு வருகிறார். எங்கள் இருவருக்கும் பேச நிறைய இருக்கிறது. இந்த முறை நடுவில் யாரும் வேண்டாம்.