வரப்பும் பெயரும்

காவிரி நாட்டினராகிய நமக்கு வரப்பின் அருமை புதிதன்று. எனினும் வரப்பு மட்டும் போதாது. வயலுக்குச் சர்வே எண்ணும் வேண்டும். கணினியின் வன்வட்டிலும் இஃதுண்மை என யாம் பட்டறிந்த வரலாற்றை ஈண்டு உரைப்போம்.

2011-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரசினர் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினி ஒன்று எம் இல்லத்தில் இருந்தது. அதிற் சென்னை சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸைப் புதிதாக நிறுவ விழைந்தோம். விண்டோஸிற் கண்ட பகுதிகள் சி, டி, ஈ என்னும் மூன்று. ஈ வெறுமையாயிருந்தது. லினக்ஸோ அவற்றை எண்ணிட்டே காட்டிற்று. ஈ மூன்றாவதன்றோ எனக் கருதி, மூன்றாம் எண்ணை அழித்தோம். விண்டோஸ் தனக்கென மறைத்துவைத்த சிறு பகுதியே முதலாவது என்பதை அறியோம். டியும் ஈயும் ஒத்த அளவின, இரண்டிற்கும் பெயரில்லை. அழிந்தது டி. காலஞ்சென்ற எம் பாட்டனார் சம்பா சாகுபடி குறித்துப் பேசிய குரற்பதிவுகள் அதனுள் இருந்தன. அவற்றிற்கு வேறு படியில்லை.

பின்னர்ப் பகுதிகட்குப் பெயரிடக் கற்றோம். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையிற் பெயருக்கு 16 பைட்டுகளே இடம். யூடிஎஃப்-8 முறையில் தமிழெழுத்தும் ஒற்றுப்புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே 3 பைட்டுகள் கொள்ளும். ஆகவே ‘தஞ்சை’ 15-இல் அடங்கும். ‘தஞ்சாவூர்’ 27 ஆதலின் அடங்காது. இரு பகுதிக்கு ஒரே பெயரிடின் மயக்கமே மிகும். அதனாலன்றோ யூயூஐடி என்னும் தனியடையாளமும் வகுத்தனர்.

மாணவ நண்பர்காள்! முதலிற் படியெடுமின், பின்னர்ப் பெயரிடுமின், அதன்பின் அழிமின். எம் வட்டில் இன்று ‘தஞ்சை’ என்றொரு பகுதி உண்டு. அதிற் பாட்டனார் குரல் மட்டும் இல்லை.