கேட்பாரற்ற நிகழ்வு

பாறசாலையை அடுத்த இஞ்சிவிளையிலிருந்து களியக்காவிளைக்கு நடந்தே போய்விடலாம். ஆயினும் முன்னது கேரளம், பின்னது தமிழ்நாடு. அப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்து, இன்று திருவனந்தபுரத்தில் வலைப்பக்கங்கள் எழுதும் இளம்பெண் ஒருத்திக்கு எல்லை என்பது முதலில் படிவங்களில் எதிர்ப்பட்ட சிக்கல். அவளுடைய அம்மையின் நிரந்தர முகவரி விளவங்கோடு வட்டம்; தற்போதைய முகவரி நெய்யாற்றின்கரை வட்டம்.

அவள் முதலில் எழுதிய காம்பொனென்ட் ஒரு முகவரிப் பெட்டி. ஒருமுறை எழுதிப் பல பக்கங்களில் பயன்படுத்துவதே நோக்கம். பயனர் வட்டத்தைத் தேர்ந்தவுடன் அப்பெட்டி தாய்ப் பக்கத்தின் தரவில் நேரே கைவைத்து, 'வட்டம்' என்னும் மாறியைத் திருத்தியது. ஒரு முகவரி மட்டும் கேட்ட பக்கத்தில் குறை தெரியவில்லை. இரு முகவரிகள் கேட்ட பக்கத்தில் அதே பெட்டியை இருமுறை இட்டபோது, பின்னர் நிரப்பியது முன்னதை அழித்தது. அம்மையின் விவரங்களைக் கொடுத்துச் சோதித்தாள். இரண்டு இடங்களிலும் நெய்யாற்றின்கரையே நின்றது, விளவங்கோடு மறைந்துபோயிற்று.

2013-இல் வெளிவந்த ரியாக்ட்டும் 2014-இல் வெளிவந்த வியூவும் வற்புறுத்தும் ஒழுங்கு எளியது. தரவு தாயிடமிருந்து சேய்க்கு ப்ராப்ஸாக இறங்கும். மாற்றத்தைச் சேய் தானே செய்யாது, மேலே அறிவிக்கும். ரியாக்ட்டில் அவ்வறிவிப்பு தாய் கொடுத்த செயற்கூற்றை அழைப்பது. வியூவில் ஒரு நிகழ்வை எழுப்புவது. தன்னைத் தாங்கும் பக்கம் எதுவென்று சேய் அறிய வேண்டியதில்லை. அவ்வறியாமையால்தான் அது எந்தப் பக்கத்திலும் பொருந்துகிறது.

அவள் பெட்டியை அவ்வாறே திருத்தினாள். இப்போது வேறொரு குறை. ஒரு பக்கத்தில் நிகழ்வைக் கேட்கும் வரியை எழுத மறந்திருந்தாள். பெட்டி அறிவித்தது, கேட்பாரில்லை, பிழைச்செய்தியும் எழவில்லை. உலாவியின் கஸ்டம் ஈவென்ட்டும் இத்தகையதே. தனியே குறிப்பிடாவிட்டால் அது மேல்நோக்கி எழாது. நிழல் மரத்தின் எல்லையையும் கடக்காது.

அந்த மௌனம் அவள் வீட்டுக்குப் புதிதன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் ஏழாம் திருத்தம், மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்னும் 350அ பிரிவைச் சேர்த்தது. அதற்கு முன்பிருந்தே உள்ள 350-ஆம் பிரிவு, குறைதீர்க்க வேண்டும் விண்ணப்பத்தை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எழுதலாம் என்கிறது. பதில் எம்மொழியில் வர வேண்டும் என்று அப்பிரிவு சொல்லவில்லை.

பாட்டி ஒருமுறை தமிழில் மனு எழுதுவித்து ஓர் அலுவலகத்திற்கு அனுப்பினாள். மனு திரும்பி வரவில்லை, மறுக்கப்படவும் இல்லை. பாட்டி அதைப் பற்றிச் சொன்னது ஒன்றே: "வேண்டாம்னு சொல்லியிருந்தாலாவது, கெடச்சுதுன்னு தெரிஞ்சிருக்கும் மக்களே."

பெட்டியை அவள் மூன்றாம் முறை எழுதினாள். மாற்றத்தை ஏற்கும் செயற்கூற்றைத் தாய்ப் பக்கம் கட்டாயம் தர வேண்டும் என்று டைப்ஸ்கிரிப்டில் வரையறுத்தாள். தராத பக்கம் தொகுக்கும்போதே பிழை காட்டும். மேலும், பயனர் தேர்ந்ததைப் பெட்டி தானாகக் காட்டாது. தாய் ஏற்று மீண்டும் கீழே அனுப்பியதை மட்டுமே காட்டும். தாய் ஏற்கவில்லையெனில் பழைய மதிப்பே நிற்கும்; அது பயனரின் கண்ணில் படும்.

அம்மையின் விவரங்களை மீண்டும் இட்டுப் பார்த்தாள். நிரந்தர முகவரியில் விளவங்கோடு. தற்போதைய முகவரியில் நெய்யாற்றின்கரை.