கண்ணுக்குக் கீழே ஒரு பல்

வீட்டுக்காரர் நாய்க்கு வலது கண்ணுக்குக் கீழே வீக்கம். கண் நோய் என்று முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு தீர்மானித்துவிட்டது. குருமாம்பேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் கண்ணைத் தொடவில்லை, உதட்டைத் தூக்கினார். மேல்தாடையில் எலும்பைக் கடிக்கிற பெரிய பல், பக்கவாட்டில் பிளந்திருந்தது. அதற்கு மூன்று வேர்கள். வேர் நுனியில் சீழ் கட்டினால் வீக்கம் கண்ணடியில்தான் தெரியும்.

நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. என்னை உறுத்தியது இந்தக் கணக்கு அல்ல. இத்தனை நாளும் அது தின்றுகொண்டேயிருந்தது. வலித்தால் தின்னாது என்பது மனித அனுமானம். இடது பக்கமாக மென்றிருக்கிறது, அவ்வளவுதான். இடது பற்கள் சுத்தம். வலது பக்கம் பழுப்பாய்க் காரை. வேறு சாட்சியம் இல்லை. நம் புதுக்கவிதையில் வலி எத்தனை சுலபமாய் வாய் திறந்துவிடுகிறது!

மயக்கம் கொடுக்காமல் நாய் வாயில் கை வைக்க முடியாது. எக்ஸ்ரே எடுத்து, பல்லை மூன்றாக அறுத்து, ஒவ்வொரு வேராகப் பிடுங்க வேண்டும். பூனைக்கு இன்னும் சங்கடம்—பல் தானாகவே வேரிலிருந்து கரைந்துபோவதுண்டு, வெளியே ஒன்றும் தெரியாமல்.

"இதுக்கெல்லாமா பல் டாக்டரு?" என்றார் வீட்டுக்காரர். ஆனால் கூடவே உட்கார்ந்திருந்தார், அது கண் விழிக்கிறவரை.